கர்ப்பகால நீரிழிவும் மரபணு மாறுபாடுகளும்

கர்ப்பகால நீரிழிவு என்பது, இரத்தத்தில் குளுக்கோசின் அளவு இயல்பைவிட உயர்ந்திருப்பது கர்ப்ப காலத்தில் முதன்முறையாகக் கண்டறியப்படும் நிலையாகும். பெரும்பாலான பெண்களுக்கு மகப்பேற்றுக்குப் பின் இது மறைந்துவிடுகிறது. ஆனால் அவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே ஊரில், ஒரே வகை உணவை உண்டு வாழும் இரு பெண்களில் ஒருவருக்கு மட்டும் இது வருவதற்கு, அவர்களது மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகளும் ஒரு காரணம் ஆகும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகை, அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட பகுதியாகும். இப்பகுதிக் குடும்பங்களில் கர்ப்பிணிக்குச் சர்க்கரை என்று தெரிந்தவுடன் “இனிப்பை அதிகம் தின்றாள்” என்றோ, “அவள் பிறந்த வீட்டுச் சர்க்கரை” என்றோ பேசப்படுவது உண்டு. இவ்விரண்டு விளக்கங்களும் முழுமையானவை அல்ல. மரபணு எவ்வளவு பங்கு வகிக்கிறது, சூழல் எவ்வளவு பங்கு வகிக்கிறது, இவற்றைத் தெரிந்துகொண்ட பின் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கர்ப்பத்தில் சர்க்கரை உயர்வது ஏன்?

நாம் உண்ணும் சோறு, இட்லி, தோசை போன்றவற்றில் உள்ள மாவுச்சத்து செரிமானமாகிக் குளுக்கோசாக இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோசை உள்வாங்க இன்சுலின் தேவை.

கருவுற்ற பின் நஞ்சுக்கொடி (சூல்வித்தகம்) பல இயக்குநீர்களைச் சுரக்கிறது. மனித நஞ்சுக்கொடி லாக்டோஜன், புரோஜெஸ்டிரான், வளர்ச்சி இயக்குநீரின் ஒரு வகை ஆகியவை அவற்றுள் சில. இவை தாயின் உடலில் இன்சுலினின் செயல்திறனைக் குறைக்கின்றன. தாயின் தசைகள் குறைவாக எடுத்துக்கொள்ளும் குளுக்கோசு, வளரும் கருவுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் பயன். இது நோயன்று, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நிகழ்வது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இன்சுலினின் செயல்திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இதை ஈடுகட்ட, பீட்டா செல்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் இதைச் செய்துவிடுகிறது. செய்ய இயலாதவர்களுக்குக் குளுக்கோசு இரத்தத்தில் தேங்குகிறது. அதுவே கர்ப்பகால நீரிழிவு. கணையத்தின் இந்தக் கூடுதல் திறனை முடிவு செய்வதில்தான் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மரபணு மாறுபாடு என்றால் என்ன?

மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி வேதி எழுத்துகளைக் கொண்டது. ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு எழுத்துகளே மாறி மாறி வருகின்றன. எந்த இரு மனிதர்களை எடுத்துக்கொண்டாலும் இவற்றில் ஆயிரத்தில் ஓர் எழுத்து அளவுக்கு வேறுபாடு இருக்கும். ஓரிடத்தில் ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்து அமைந்திருப்பது ‘ஒற்றை எழுத்து மாறுபாடு’ எனப்படுகிறது. பெரும்பாலான மாறுபாடுகளால் எந்த விளைவும் இல்லை. சில மட்டும் ஒரு புரதம் எவ்வளவு, எப்போது, எங்கே உருவாக வேண்டும் என்பதைச் சற்றே மாற்றுகின்றன.

ஒவ்வொருவருக்கும் மரபணுக்கள் இரண்டு படிகளாக வருகின்றன. ஒரு படி தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் கிடைக்கின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட மாறுபாடு ஒருவரிடம் இல்லாமலும் இருக்கலாம். ஒரு படியாகவோ இரண்டு படிகளாகவோ இருக்கலாம்.

நெற்பயிரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

காவிரிப் படுகை உழவர்கள் சம்பாப் பருவத்தில் பயிரிடும் நீண்ட கால நெல் வகைகளுள் சி.ஆர். 1009 ஒன்றாகும். வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கினால் பயிர் அழுகிவிடும் என்பது இவ்வகையின் குறை. ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றில் இருந்த சப்-1 என்னும் மரபணுப் பகுதியைச் சேர்த்து உருவாக்கப்பட்ட சி.ஆர். 1009 சப்-1 வகை, ஏறத்தாழ இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் தளிர்க்கும் திறன் உடையது.

மழை அளவாகப் பெய்யும் ஆண்டில் இவ்விரு வகைகளையும் அடுத்தடுத்த வயல்களில் நட்டால் கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது அரிது. வயல் மூழ்கும்போதுதான் வேறுபாடு தெரியும். பெண்ணின் உடலுக்குக் கர்ப்பமும் அத்தகைய ஒரு சோதனைக் காலமே. பீட்டா செல்களின் திறனைச் சற்றே குறைக்கும் மாறுபாடுகள் இருபது வயதுப் பெண்ணிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். இன்சுலின் தேவை இரண்டு மடங்காகும்போது அவை வெளிப்படுகின்றன.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. நெல்லில் சப்-1 என்ற ஒரே பகுதி பெரும் விளைவைத் தருகிறது. கர்ப்பகால நீரிழிவிலோ பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கின்றன. ‘சர்க்கரை நோய் மரபணு’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது.

தொடர்புடைய மரபணுக்கள்

ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட மரபணுக்களுள் முதன்மையானவை வருமாறு:

டி.சி.எஃப்.7.எல்.2: இரண்டாம் வகை நீரிழிவுடன் இதற்குள்ள தொடர்பை 2006ஆம் ஆண்டு ஐசுலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உணவுக்குப் பின் இன்சுலின் சுரப்பதை இதன் மாறுபாடு குறைக்கிறது. கர்ப்பகால நீரிழிவுக்கும் இதே மாறுபாடு வாய்ப்பைக் கூட்டுகிறது.

சி.டி.கே.ஏ.எல்.1: பீட்டா செல்லில் இன்சுலின் பிழையின்றி உருவாவதற்கு உதவும் மரபணு. இதில் மாறுபாடு உடையவர்களுக்கு இன்சுலின் சுரப்பு சற்றுக் குறைகிறது.

எம்.டி.என்.ஆர்.1.பி: இரவில் சுரக்கும் மெலடோனின் இயக்குநீரைப் பீட்டா செல்கள் உணர்வதற்கான ஏற்பியை உருவாக்கும் மரபணு. இதன் மாறுபாடு வெறும் வயிற்றுச் சர்க்கரையை உயர்த்துகிறது.

எச்.கே.டி.சி.1: குளுக்கோசைச் செல்லுக்குள் பயன்படுத்தும் முதல் படியில் பங்குகொள்ளும் நொதியுடன் தொடர்புடையது. கர்ப்பிணிகளின் குளுக்கோசு அளவுடன் இதற்குத் தொடர்பு இருப்பது 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தெரியவந்தது.

2012ஆம் ஆண்டு கொரியப் பெண்களிடம் நடந்த முழு மரபுத்தொகுதி ஆய்வில் சி.டி.கே.ஏ.எல்.1, எம்.டி.என்.ஆர்.1.பி ஆகிய இரண்டும் உறுதியாகத் தென்பட்டன. 2022இல் பல இனக்குழுக்களின் தரவுகளை ஒன்றிணைத்த ஆய்வு, மேற்கண்ட நான்குடன் சேர்த்து மொத்தம் ஐந்து இடங்களைக் காட்டியது. 2024இல் பின்லாந்து நாட்டுத் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வில், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பகால நீரிழிவாளர்களை ஒப்பிட்டு 13 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. இவற்றுள் ஒரு பகுதி இரண்டாம் வகை நீரிழிவுக்கும் பொதுவானவை. மற்றொரு பகுதி பெரும்பாலும் கர்ப்பத்தில் மட்டுமே செயல்படுபவை. எனவே கர்ப்பகால நீரிழிவு என்பது இரண்டாம் வகை நீரிழிவு முன்கூட்டியே தலைகாட்டுவது மட்டுமன்று. தனக்கே உரிய கூறுகளும் அதற்கு உண்டு.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள்

ஐரோப்பியரிடம் கண்ட முடிவுகளைத் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஒரு மாறுபாடு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறும். ஆகவே உள்ளூர் ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

சென்னையில் உள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் தொடர்ந்து பணியாற்றி வருகிறது. டி.சி.எஃப்.7.எல்.2 மாறுபாடுகளுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு நம் மக்களிடமும் இருப்பதை 2007இல் அந்நிறுவன ஆய்வாளர்கள் காட்டினர். 2015இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வு, கர்ப்பகால நீரிழிவு உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு, சி.டி.கே.ஏ.எல்.1 மரபணுவின் மாறுபாடுகள் இதனுடன் தொடர்புடையவை என்று கண்டது. 2016இல் எச்.கே.டி.சி.1 மரபணுவுக்கும் இத்தகைய தொடர்பு காணப்பட்டது. ஆகவே கொரியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் கண்ட மரபணுக்களில் சிலவாவது தென்னிந்தியப் பெண்களிடமும் செயல்படுகின்றன என்று கொள்ளலாம்.

உலக அளவில் மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டோருள் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று, இந்திய மக்கள்தொகைகளைச் சேர்ந்த 10,000 பேரின் மரபுத்தொகுதியைப் படித்தறிந்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் ஆகும்.

வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது? ஒரு கணக்கு

மரபணுச் செய்திகளைப் படிக்கும்போது ‘வாய்ப்பு 1.4 மடங்கு’ என்பது போன்ற தொடர்கள் அச்சமூட்டலாம். அதன் பொருளை ஒரு கணக்கால் பார்க்கலாம்.

ஒரு மாறுபாடு இல்லாத 100 கர்ப்பிணிகளில் 10 பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த மாறுபாட்டின் ஒவ்வொரு படியும் வாய்ப்பு விகிதத்தை 1.4 மடங்கு ஆக்குகிறது என்று கொண்டால், ஒரு படி உடைய 100 பேரில் 13 அல்லது 14 பேருக்கும், இரண்டு படிகள் உடைய 100 பேரில் ஏறத்தாழ 18 பேருக்கும் அது வரும். இரண்டு படிகளைக் கொண்டவர்களிலும் 82 பேருக்கு வருவதில்லை. மாறுபாடே இல்லாதவர்களிலும் 10 பேருக்கு வருகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரு மரபணுவைப் பார்த்து இவளுக்கு வரும், இவளுக்கு வராது என்று பிரிக்க முடியாது. பல மரபணுக்களின் பங்கைக் கூட்டி ‘மரபணு மதிப்பெண்’ கணக்கிடும் முறைகளும் உள்ளன. ஆராய்ச்சிக்கு அவை பயன்படுகின்றன. ஆனால் கர்ப்பிணிக்குச் சர்க்கரை உள்ளதா என்பதைச் சொல்ல, குளுக்கோசு கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையே போதுமானது. மரபணுப் பரிசோதனையைவிட மிக மலிவானதும் கூட.

ஒற்றை மரபணுவால் வரும் நீரிழிவு

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ‘மோடி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நீரிழிவு வகைகளில் ஒரே மரபணுவின் பிழையே நோய்க்குக் காரணமாகிறது. இவை அரிதானவை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இளவயதில் தொடங்குவதாலும் பலருக்குத் தெளிவான அறிகுறி இல்லாததாலும் இது முதன்முறையாகக் கர்ப்பப் பரிசோதனையில் தெரியவரலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நீரிழிவு உள்ள கர்ப்பிணிகளிடம் மோடி மரபணுக்களைத் தேடி, அவர்களுள் சிலரிடம் இத்தகைய பிழைகள் இருப்பதை 2017இல் வெளியிட்டனர்.

இவ்வகைகளுள் ஜி.சி.கே. என்னும் மரபணு தொடர்பானது கவனிக்கத்தக்கது. இம்மரபணு பீட்டா செல்லின் குளுக்கோசு உணர்கருவியை உருவாக்குகிறது. பிழை இருந்தால் சர்க்கரை அளவு சற்று உயர்ந்த நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் நிலைபெறும். பொதுவாகத் தீங்கு குறைவு. தாயிடமிருந்து கருவும் இப்பிழையைப் பெற்றிருந்தால் குழந்தை இயல்பான எடையுடன் பிறக்கும். பெறாவிட்டால் தாயின் கூடுதல் சர்க்கரையால் குழந்தை பெரிதாக வளரக்கூடும். எனவே சிகிச்சை முடிவு, தாயைப் போலவே குழந்தையின் மரபணுவையும் பொறுத்தது. மூன்று தலைமுறைகளில் இளவயதுச் சர்க்கரை உள்ள குடும்பத்தில், உடல் மெலிந்த கர்ப்பிணிக்குச் சர்க்கரை தெரிந்தால் மருத்துவர் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம்.

மரபணு மட்டுமன்று: ஊர், உணவு, உழைப்பு

மரபணு வேறுபாடுகள் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுவதில்லை. ஆனால் நீரிழிவின் பரவல் ஒரு தலைமுறைக்குள் வெகுவாகக் கூடியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. நாடு முழுவதற்குமான அளவு 11.4 விழுக்காடு ஆகும்.

கர்ப்பிணிகளிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மருத்துவர் வீ. சேஷையா தலைமையில் தமிழ்நாட்டில் நடந்து 2008இல் வெளியான சமூக அளவிலான ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8 விழுக்காடாகவும், சிறுநகர்ப் பகுதியில் 13.8 விழுக்காடாகவும், கிராமத்தில் 9.9 விழுக்காடாகவும் இருந்தது. ஒரே மாநிலத்து மக்களிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதை மரபணுவால் மட்டும் விளக்க முடியாது. உடல் எடை, கருவுறும் வயது, உணவு, உடலுழைப்பு ஆகியவையும் சேர்ந்தே இதை முடிவு செய்கின்றன.

காவிரிப் படுகையில் உணவும் உழைப்பும் மாறியிருக்கின்றன. அரிசி இப்பகுதிக்குப் புதியதன்று. ஆனால் உரலில் குத்திய, தவிடு ஓரளவு தங்கிய அரிசிக்குப் பதிலாக, ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளை அரிசி வந்துவிட்டது. தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடுவதால் அச்சோறு விரைவாகக் குளுக்கோசாகிறது. சென்னையில் நடந்த ஆய்வில், நகர மக்களுக்குக் கிடைக்கும் உணவு ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருவதும், அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி என்பதும் தெரியவந்தது. வயலிலும் மாற்றம் உண்டு. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய வேலைகளில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பின் அந்த உழைப்பு குறைந்தது. தட்டில் சோற்றின் அளவு அதற்கேற்பக் குறையவில்லை.

மரபணுக்கள் பழையவை, அவற்றின் மீது விழும் சுமை புதியது. மரபணு வாய்ப்பு உடைய பெண்ணுக்கும் உணவையும் நடையையும் மாற்றுவதால் பயன் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

கருப்பையின் வழியே வரும் மரபுரிமை

தாய்க்கு நீரிழிவு இருந்து மகளுக்கும் வந்தால், அது மரபணுவால்தான் வந்தது என்று எளிதில் முடிவு கட்டப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்வு இதை மறுபரிசீலனை செய்ய வைத்தது. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளும், வந்த பின் பிறந்த பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டனர். அவர்கள் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். ஆயினும் நீரிழிவு வந்த பின் பிறந்தவர்களிடமே பிற்காலத்தில் நீரிழிவு அதிகமாக இருந்தது. கருப்பையில் கிடைத்த கூடுதல் குளுக்கோசு குழந்தையின் பிற்கால உடல்நலத்தைப் பாதிக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

கருப்பைச் சூழலின் மற்றொரு பக்கத்தைப் புணே ஆய்வுகள் காட்டின. அங்குள்ள கிராமக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 2.7 கிலோ எடையே இருந்தனர். இங்கிலாந்துக் குழந்தைகளின் சராசரி 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்த இந்தக் குழந்தைகளிடம் தசை குறைவாகவும், கொழுப்பு அந்த அளவுக்குக் குறையாமலும் இருந்தது. ‘மெலிந்த, ஆனால் கொழுத்த குழந்தை’ என்று இது குறிப்பிடப்படுகிறது. இன்றைய கர்ப்பிணி தன் தாயின் வயிற்றில் இருந்தபோது பெற்ற ஊட்டமும் அவளது சர்க்கரையில் பங்கு பெறுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஆகவே ஒரு கர்ப்பத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது தாயையும் குழந்தையையும் காப்பதோடு, அடுத்த தலைமுறையின் நீரிழிவு வாய்ப்பையும் குறைக்கக்கூடும். பெற்ற மரபணுவை மாற்ற இயலாது. கருப்பையின் சர்க்கரை அளவை மாற்ற இயலும்.

பரிசோதனை

குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்களை மட்டும் பரிசோதித்தால் பலர் விடுபட்டுப் போவர். இதனால்தான் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று சேஷையா வலியுறுத்தினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரது பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்குமான பரிசோதனையைக் கொண்டுவந்தது. பின்னர் இது தேசிய வழிகாட்டு நெறியாகவும் ஆனது.

பரிசோதனை முறை எளியது. 75 கிராம் குளுக்கோசை ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் கர்ப்பிணி குடிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இதைச் செய்யலாம். தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் பெண் வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை என்பது இம்முறையின் பெரிய வசதி. இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளப்படுகிறது. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்.

முதல் பரிசோதனை கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதும், இரண்டாவது 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் செய்யப்படுகின்றன. முதலில் இயல்பாக இருந்தாலும் இரண்டாவதைத் தவிர்க்கக் கூடாது. நஞ்சுக்கொடியின் இயக்குநீர்கள் அப்போதுதான் வலுவாகச் செயல்படத் தொடங்குகின்றன. தஞ்சைப் பகுதியில் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்துவது வழக்கம். இரண்டாவது பரிசோதனைக்கான காலமும் ஏறத்தாழ அதுவே என்பதால், வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே பரிசோதனைக்கும் நாள் குறித்துக்கொள்ளலாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. மேல்சிகிச்சை தேவைப்படும் தஞ்சாவூர்ப் பகுதிக் கர்ப்பிணிகள், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர்.

சர்க்கரை கூடுதலாக இருந்தால் முதலில் இரண்டு வாரம் உணவு முறையும் நடைப்பயிற்சியும் பரிந்துரைக்கப்படுகின்றன. சோற்றை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, கீரை, காய், பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டி, மூன்று வேளை உணவையும் இடையிடையே சிற்றுணவையும் பிரித்து உண்பதே முறை. கர்ப்பிணி பட்டினி கிடப்பது தீங்கானது. அதன் பின்னும் உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய அளவு 120க்குக் குறையாவிட்டால் மருத்துவர் இன்சுலினோ மெட்ஃபார்மினோ கொடுப்பார். பெரும்பாலோருக்கு உணவு மாற்றமே போதுமானதாகிறது.

மகப்பேற்றுக்குப் பின்

மிகுதியாகக் கைவிடப்படும் பரிசோதனை இதுதான். குழந்தை பிறந்து சர்க்கரை இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று விட்டுவிடுகின்றனர். மகப்பேறு முடிந்து ஆறு வாரத்தில், வெறும் வயிற்றில் வந்து 75 கிராம் குளுக்கோசுப் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 200க்கு மேல் நீரிழிவு. அதன் பின் ஆண்டுதோறும் பரிசோதிப்பது நல்லது.

முதல் மகப்பேறு தாய் வீட்டில் நடப்பது வழக்கமாதலால், பதிவு செய்த சுகாதார நிலையம் ஓர் ஊரிலும் மகப்பேறு வேறோர் ஊரிலும் ஆகிவிடுகின்றன. கிராமச் செவிலியரின் பதிவேட்டிலிருந்து அப்பெண் விலகிவிடுகிறாள். தாய்-சேய் நல அட்டையில் ‘கர்ப்பகால நீரிழிவு’ என்று தெளிவாக எழுதி வைத்திருந்தால் எந்த ஊரிலும் தொடர முடியும். குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே தாய்க்கும் பரிசோதனை செய்துகொள்ளலாம். தாய்ப்பால் ஊட்டுவதும், எடையைக் கட்டுக்குள் வைப்பதும் பிற்கால நீரிழிவின் வாய்ப்பைக் குறைக்கின்றன.

பரவலான ஐயங்கள்

இனிப்பு அதிகம் உண்டதால்தான் வந்ததா? இல்லை. இனிப்பு சர்க்கரையை உயர்த்தும்; ஆனால் நோயின் வேர், கர்ப்பத்தின் கூடுதல் தேவையைக் கணையம் ஈடுகட்ட இயலாமையில் உள்ளது.

இது பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து மட்டும் வருவதா? அப்பெண்ணின் மாறுபாடுகள் அவளது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவை. மேலும் இன்சுலினை எதிர்க்கும் இயக்குநீர்களைச் சுரக்கும் நஞ்சுக்கொடி, கருவிலிருந்தே உருவாகிறது. அதன் மரபணுக்களில் பாதி கணவனுடையவை. ஆகவே பழியை ஒரு வீட்டின் மீது மட்டும் சுமத்த அறிவியலில் இடமில்லை.

சொந்தத்தில் மணம் செய்ததால் வந்ததா? நெருங்கிய உறவில் மணம் செய்வது, இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் அரிய நோய்களின் வாய்ப்பைத்தான் முதன்மையாகக் கூட்டுகிறது. கர்ப்பகால நீரிழிவோ, மக்களிடையே பொதுவாகக் காணப்படும் பல மாறுபாடுகளும் சூழலும் சேர்ந்து வருவது.

குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, பரிசோதனை தேவையா? தேவை. மேலே கண்ட கணக்கில் மாறுபாடே இல்லாத பெண்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வந்ததை நினைவில் கொள்ளலாம். மேலும் முந்தைய தலைமுறையில் பலருக்குச் சர்க்கரை இருந்தும் பரிசோதிக்கப்படாததால் தெரியாமலே போயிருக்கலாம்.

ஒரு முறை வந்தால் அடுத்த கர்ப்பத்திலும் வருமா? வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த கர்ப்பம் உறுதியானவுடனே, ஏழாம் மாதம் வரை காத்திராமல், முதல் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். கருவுறத் திட்டமிடும்போதே சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.